மூன்றாம் வாசலின் மணி

காலை ஒன்பதேகாலுக்கு ஈ காணாமல் போனது.

கண்ணாடி அறைக்குள்ளிருந்து முதலாளி "ஈ காணோம்! ஐயோ, ஈ காணோம்!" என்று அலறியதும், கட்டிங் மாஸ்டர் தேநீர் டம்ளரோடு ஓடிவந்தார். டம்ளருக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"நல்லதுதானே மொதலாளி" என்றார்.

காணாமல் போனது பறக்கிற ஈ அல்ல. கம்ப்யூட்டருக்குள் ஈ என்ற இங்கிலீஷ் எழுத்தைப் பெயராகக் கொண்டிருந்த ஒரு டிஸ்க். அந்தச் சீருடை நிறுவனம் இதுவரை தைத்த அத்தனை உடைகளின் அச்சுகளும் அதற்குள்தான் இருந்தன. ஐந்து வயதுப் பையனின் அரைக்கால் சட்டை முதல், ஐம்பது வயதுக் காவலாளியின் தொப்பைக்கு இடம்விட்ட சட்டை வரை. அந்த அச்சுகள் இல்லாவிட்டால் கட்டிங் மெஷினுக்குத் துணி எது, மேஜை எது என்று தெரியாது. பள்ளிக்கூடங்கள் திறக்க மூன்று வாரம் இருந்தது.

முதலாளி மூன்று காரியங்கள் செய்தார். கம்ப்யூட்டரை யாரும் தொடக்கூடாது என்றார். தெருப்பக்கத்து ஷட்டரை இறக்கிப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு தங்கைக்குப் போன் போட்டார்.

தங்கை இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சேத மதிப்பீட்டாளர். எரிந்த குடோனுக்குப் போய், எரிந்ததாகச் சொல்லப்படும் சரக்குக்குச் சாம்பல் எங்கே என்று கேட்பது அவள் வேலை. அதனால் குடோன் வைத்திருப்பவர்கள் யாரும் அவளைக் கல்யாணம் காட்சிக்கு அழைப்பதில்லை.

பத்தரைக்கு வந்தாள். ஷட்டர் அவளுக்காக ஒருமுறை ஏறி, அவள் உள்ளே வந்ததும் இறங்கியது. பூட்டு விழுகிற சத்தம் கேட்டது.

"என்னண்ணா, என்னையுமா?"

"விஷயம் வெளிய போகக் கூடாதும்மா. கண்டுபிடிக்கிற வரைக்கும் யாரும் வெளிய இல்லை."

உள்ளே மூன்று பேர் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். கணக்கு எழுதும் அம்மாள், எல்லாருக்கும் கணக்கக்கா. கட்டிங் மாஸ்டர். மூன்றாவது ஆள், குற்றவாளி. அதாவது முதலாளி அப்படித்தான் அறிமுகப்படுத்தினார்.

குற்றவாளியின் பட்டப்பெயர் வயர். அவ்வளவு ஒல்லி. ஒன்பது வருடமாக அந்தக் கம்ப்யூட்டரைக் கவனித்துக்கொண்டவன் அவன்தான். நேற்று வேலையில் கடைசி நாள். இன்று விடுவிப்புக் கடிதத்தை வாங்கிக்கொண்டு, மாலை நாலரை மணி பஸ்ஸைப் பிடித்து, வேறு ஊரில் வேறு வேலையில் நாளைக் காலை சேர வேண்டும். சேராவிட்டால் அந்த இடம் அடுத்தவனுக்குப் போய்விடும். பெட்டியோடு வந்திருந்தான். இப்போது அந்தப் பெட்டியின்மேலேயே உட்கார்ந்திருந்தான்.

"நேத்து வரைக்கும் இருந்த டிஸ்க், இவன் போற அன்னிக்கு இல்லை" என்றார் முதலாளி. "உள்ள ஏதோ வெடி வெச்சுட்டுப் போறான். போலீசுக்குப் போனா இவன் வாழ்க்கை என்னாகும்? எனக்கு மனசு வரலைம்மா. ரெண்டு வருஷம் இங்கேயே இருந்து, போனதையெல்லாம் திரும்ப உண்டாக்கிக் கொடுக்கட்டும். மன்னிச்சுடறேன்."

"ரொம்பப் பெரிய மனசு" என்றாள் தங்கை. "நான் எதுக்கு?"

"நீ ஒரு வார்த்தை சொல்லு. ஆமா, டிஸ்க் போச்சு, இவன்தான் பண்ணினான்னு. நீ சொன்னா ஒரு மதிப்பு இருக்கு."

"சொந்தக்காரங்க கேசை நான் எடுக்கக் கூடாது. தங்கச்சியா வந்திருக்கேன். ஆனா கேள்வி ஆபீஸ் கேள்விதான் கேப்பேன். பரவாயில்லையா?"

"கேளு, கேளு. மடியில கனமில்லை எனக்கு."

மனிதர்களுக்கு அங்கே ஒரே ஒரு மின்விசிறி. அது மூன்று பேரையும் பாகுபாடில்லாமல் வெறுத்தது. ஏசி இருந்தது கண்ணாடி அறைக்குள், கம்ப்யூட்டருக்கு. அந்த நிறுவனத்தில் எல்லாரையும்விட சர்வீஸ் அதிகமானது அதுதான். ஓய்வு பெற்று, பென்ஷன் வாங்கி, பேரன் பேத்தி எடுத்திருக்க வேண்டிய வயதில் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. ஏனென்றால் கட்டிங் மெஷின் அதனோடு மட்டும்தான் பேசும்.

தங்கை கண்ணாடி வழியே பார்த்தாள். திரையில் நீல வானமும் சின்னச் சின்னப் படங்களும் தெரிந்தன. பச்சைப் புல்வெளி போல அமைதியாக இருந்தது. ஈ மட்டும் இல்லை.

கணக்கக்காவைக் கூப்பிட்டாள்.

"கதவுல இந்த டேப் யார் ஒட்டினது?"

"நான்தாம்மா. நேத்து சாயங்காலம் சோதனை முடிஞ்சதும் கதவைப் பூட்டி, இடுக்குல டேப் ஒட்டி, மொதலாளி, தம்பி, நான் மூணு பேரும் அதுமேல கையெழுத்துப் போட்டோம். தம்பிதான் அப்படிச் செய்யச் சொன்னுச்சு. நாளைக்கு ஒண்ணுன்னா என்மேல பழி வரக் கூடாதுன்னுச்சு."

"வந்துடுச்சே."

"வந்துடுச்சும்மா."

"காலையில டேப் எப்படி இருந்துச்சு?"

"அப்படியே இருந்துச்சு. என் கண்ணு முன்னாடி மொதலாளி பிளேடால வெட்டினாரு. உள்ள போயி மெஷினைப் போட்டாரு. நான் என் சீட்டுக்கு வந்துட்டேன். கொஞ்ச நேரத்துல கத்தினாரு."

"இந்த ரூமுக்கு ஜன்னல்?"

"ஏசி ரூமுக்கு எதுக்கும்மா ஜன்னல்?"

"உங்களுக்கு இந்த மெஷின் பிடிக்குமா?"

கணக்கக்கா குரலைத் தாழ்த்தவில்லை. "அதைத் தூக்கி ஆத்துல போடுங்கன்னு ஆறு வருஷமா சொல்றேன். புதுசு வாங்கினா என் கண்ணாடி பவர் இவ்வளவு ஏறியிருக்காது. நீங்க எழுதிக்கிட்டாலும் எழுதிக்கோங்க."

தங்கை எதையும் எழுதிக்கொள்ளவில்லை. எழுதினால் மனிதர்கள் யோசித்துப் பேசுவார்கள் என்பது அவள் அனுபவம்.

கட்டிங் மாஸ்டர் தாமாகவே வந்து நின்றார். "என்னைச் சந்தேகப்படலாம்" என்றார். "அச்சு போச்சுன்னா திரும்பக் கையாலதான் வெட்டணும். கையால வெட்ட இங்க யாருக்குத் தெரியும்? எனக்கு. என் மரியாதை கூடும்."

"அப்போ நீங்கதானா?"

"இல்லையே. மெஷின் வந்த பிறகு எனக்கு முதுகு வலி நின்னுடுச்சு."

"நேத்து மத்தியானம்?"

"மாப்ளைக்குக் கடைசி நாளாச்சே. ரெண்டு பேரும் வெளிய போய்ச் சாப்பிட்டோம். ஒண்ணா போனோம், ஒண்ணா வந்தோம். நடுவுல அவன் கை கழுவப் போனப்பகூட நான் பக்கத்துலதான் நின்னேன், குழாய் ஒண்ணுதான் இருந்துச்சு."

அடுத்து வயர். பெட்டியிலிருந்து எழுந்திருக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்தான்.

"மேடம், மூடியைத் திறந்து ரெண்டு நிமிஷம் பார்த்தா என்னன்னு சொல்லிடுவேன். விட மாட்டேங்கறார்."

"கொலைகாரன் கையில பிரேதப் பரிசோதனையா?" என்றார் முதலாளி தூரத்திலிருந்து.

"பேக்கப் எங்க?" என்று கேட்டாள் தங்கை.

வயர் தலையைச் சொறிந்தான். "அதே டிஸ்க்ல, வேற ஃபோல்டர்ல."

"நெருப்புக்குப் பயந்து பெட்டியை அடுப்புமேல வெச்ச கதை. சரி, அந்த ஈ எங்க மாட்டியிருக்கு?"

"மூணாவது வாசல்ல."

"புரியற மாதிரி சொல்லு."

"மதர்போர்டுல டிஸ்குக்கு ரெண்டு வாசல்தான் மேடம். வாசலுக்கு ரெண்டு பேர் நிக்கலாம். நாலு பேர் ஏற்கெனவே நின்னாச்சு. அஞ்சாவதுக்கு இடமில்லை. அதனால பழைய கன்ட்ரோலர் கார்டு ஒண்ணைச் செருகி, மூணாவதா ஒரு வாசல் வெட்டினேன். கார்டு கம்ப்யூட்டரைவிடக் கிழவன். அப்படி ஒரு வாசல் இருக்கறது கம்ப்யூட்டருக்கே தெரியாது. இதுல ரெண்டு சிஸ்டம் இருக்கு. ஒண்ணு டாஸ், கறுப்புத் திரை. கட்டிங் மெஷின் அதுலதான் ஓடும். இன்னொண்ணு விண்டோஸ், கலர் திரை. அக்கா பில் போடறது அதுல. ரெண்டு பேருக்கும் அந்த வாசலைத் தனித்தனியா அறிமுகப்படுத்தி வைக்கணும். ஒருத்தன்கிட்ட பேசற மாதிரி இன்னொருத்தன்கிட்ட பேச முடியாது."

கார்டு, ஊசி, செருகு என்பதெல்லாம் தங்கைக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்து லீவு நாட்களில், வீட்டு மாடிப்படிக்கு அடியில் நடந்த கம்ப்யூட்டர் கடையில் டார்ச் பிடித்தவள் அவள். அந்தக் கடை ஒரே வருடத்தில் மூழ்கியது. வீட்டில் அதன் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

"காலையில எந்தத் திரை வரும்?"

"போட்டதும் ஒண்ணா ரெண்டான்னு கேக்கும். பத்து எண்றதுக்குள்ள ரெண்டை அமுக்கினா கலர். சும்மா விட்டா தானா கறுப்பு. மாஸ்டர் சுவிட்சைப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவார். வந்தா கறுப்பு ரெடியா இருக்கும். கலர் எல்லாம் மத்தியானத்துக்கு மேல, அக்காவுக்கு."

"நேத்து என்ன செஞ்சே? வரிசையா சொல்லு."

"காலையில மூடியைக் கழட்டித் தூசி தட்டினேன். ரெண்டு திரையிலயும் பார்த்தேன், ஈ இருந்துச்சு. கலர்ல அக்கா ஒரு பிரின்ட்கூட எடுத்தாங்க. ஃபேனுக்கு எண்ணெய் விட்டேன். அது ஊறட்டும்னு மூடாம சாப்பிடப் போயிட்டேன். வந்து மூடினேன். அப்புறம் சோதனை, கேக்கு, டேப்."

"சோதனை எந்தத் திரையில?"

"கறுப்புல. ஈ-யில இருந்து ஒரு காலர் அச்சை எடுத்து வெட்டிக் காட்டினேன். கலர்லயும் பார்த்துடலாம்னேன். அக்காவும் சொன்னாங்க. சார்தான், ஒரு காலர் போதும், கேக்கு உருகுதுன்னார்."

"கேக்குல என்ன எழுதியிருந்துச்சு?"

"வயர்னு. என் நிஜப்பேர் யாருக்கும் ஞாபகம் வரலையாம்."

தங்கை சிரிக்கவில்லை. "ரெண்டு திரைக்கும் என்ன வித்தியாசம்? டிஸ்க்கை எப்படிப் பார்க்குது?"

வயருக்குப் பிடித்த கேள்வி. கடிகாரத்தை மறந்துவிட்டான்.

"கறுப்பு, சந்தேகப் பிராணி மேடம். டிஸ்க்கிட்ட ஒண்ணு கேட்டுட்டு, ‘ஆச்சா, ஆச்சா’ன்னு வாசலுக்குப் போய்ப் போய் எட்டிப் பார்த்துக்கிட்டே இருக்கும். கலர், பெரிய மனுஷன். கேட்டுட்டு உள்ள போய் வேற வேலை பார்க்கும். டிஸ்க் வேலையை முடிச்சா வாசல்ல மணி அடிக்கணும். மணிக்கு ஒரு தனி லைன் உண்டு. எந்த லைன்னு கார்டுல ஒரு ஜம்பர் சொல்லும். அரிசி மணி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் தொப்பி, ரெண்டு ஊசியைச் சேர்த்துப் பிடிக்கும், அவ்வளவுதான். மணி அடிச்சாத்தான் பெரிய மனுஷன் எழுந்து வருவார்."

"அடிக்கலேன்னா?"

"அடிக்கலேன்னா, வாசல்ல யாருமே இல்லைன்னு..."

வாய் திறந்தபடியே நின்றது. பெட்டியிலிருந்து பாதி எழுந்தான். தங்கை ஒரு விரலை உயர்த்தினாள். அவன் மறுபடி உட்கார்ந்தான். பெட்டி முனகியது.

மணி மூன்று. தங்கை அண்ணனின் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டாள்.

"நேத்து மத்தியானம் எங்கண்ணா சாப்பிட்டே?"

"எப்பவும்போல கண்ணாடி ரூம்ல. ஏசி அங்கதானே இருக்கு? கணக்கு எழுதற அம்மாவும் நடுவுல ஏதோ பேப்பர் எடுக்க வந்துட்டுப் போச்சு. அதையும் விசாரி."

"விசாரிக்கறேன். மெஷின் மூடி திறந்திருந்துச்சா?"

"இருந்திருக்கும். எனக்கென்ன தெரியும்? எனக்கு எலியும் தெரியாது, மவுஸும் தெரியாது."

"காலையில எந்தத் திரை வந்துச்சு?"

"என்ன திரை? கலர் கலரா ஏதோ வந்துச்சு. ஈ இல்லை."

"அணைச்சுத் திரும்பப் போட்டுப் பார்த்தியா?"

"எப்படிம்மா போடுவேன்? தடயம் அழிஞ்சுடாது? யாரும் தொடக் கூடாதுன்னுட்டேன்."

"நியாயம்தான்" என்றாள் தங்கை. எழுந்து சோம்பல் முறித்தாள். முறித்த கை, சுவரிலிருந்த மெயின் சுவிட்சில் பட்டது. பட்ட கை அதைக் கீழே இழுத்தது.

மின்விசிறி நின்றது. ஷட்டர் இடுக்கிலிருந்து வந்த கோடு வெளிச்சத்தைத் தவிர எல்லாம் இருண்டது. கண்ணாடி அறையில் நீல வானம் அணைந்தது. கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். ஒன்று இருந்தது. அதன் பாட்டரி செத்து இரண்டு வருடம். இப்போது கணக்கக்கா அதன்மேல் கால் வைத்துக்கொள்கிறாள்.

"என்னம்மா பண்ணித் தொலைச்சே!"

"கை பட்டுடுச்சுண்ணா." சுவிட்சை மேலே தள்ளினாள்.

பழைய காலத்துக் கம்ப்யூட்டர். அதன் பொத்தான் அமுக்கினால் அமுங்கியே இருக்கும். கரெண்ட் வந்ததும் தானாகவே இருமிக்கொண்டு எழுந்தது. முதலாளியும் எழுந்தார். ஐம்பது வயதுக்குப் பொருந்தாத வேகத்தில் கண்ணாடி அறையை நோக்கி ஓடினார்.

தங்கை அதற்குள் கதவின் குறுக்கே நின்றுகொண்டிருந்தாள்.

"தொடாதேண்ணா. தடயம் அழிஞ்சுடும்."

உள்ளே திரை கேட்டது: ஒன்றா, இரண்டா? யாரும் பதில் சொல்லவில்லை. கணக்கக்கா உதட்டுக்குள் எண்ணினாள். எட்டில் முதலாளி கண்களை மூடிக்கொண்டார்.

கறுப்புத் திரை வந்தது.

"மாஸ்டர், நீங்க போங்க. தினமும் செய்யறதைச் செய்யுங்க."

மாஸ்டர் உள்ளே போய், ஒற்றை விரலால் ஈ-யைக் கூப்பிட்டு, அதில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டார். காலர், கஃப், பாக்கெட், இடுப்புப் பட்டை, அரைக்கால், முழுக்கால் என்று வரிசை ஏறத் தொடங்கி, நிற்காமல் ஏறிக்கொண்டே இருந்தது. செத்துப்போனதாகச் சொன்ன ஆள் தெருமுனையில் நின்று பீடி பிடிப்பதைப் பார்த்ததுபோல எல்லாரும் பார்த்தார்கள்.

வயர் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை.

"இருக்கே! இருக்கே!" என்றார் முதலாளி. "அப்போ ஒண்ணும் ஆகலை. நல்லதாப் போச்சு. எல்லாரும் டீ சாப்பிடலாம்."

"உட்காருண்ணா" என்றாள் தங்கை. "டிஸ்க் எங்கயும் போகலை. மணி மட்டும்தான் போயிருக்கு. யாரோ அந்தத் தொப்பியைக் கழட்டியிருக்காங்க. கறுப்புத் திரை எட்டி எட்டிப் பார்க்கற ஆளு, அதுக்கு மணி தேவையில்லை. கலர் திரை மணிக்காக உட்கார்ந்துட்டு, அப்புறம் வாசல்ல ஆளே இல்லைன்னு சொல்லிடுச்சு. நாம எல்லாரும் டேப்பையே பார்த்துக்கிட்டு இருந்தோம். ராத்திரி யார் உள்ள போனாங்கன்னு மண்டையை உடைச்சோம். ராத்திரி யாரும் போகலை. டேப் ஒட்டறதுக்கு முன்னாடியே மணி போயாச்சு. சோதனை கறுப்புல நடந்ததால யாருக்கும் தெரியலை."

"அப்போ இவன்தான் கழட்டியிருக்கான்!"

"காலையில கலர்ல ஈ இருந்துச்சு, அக்கா பிரின்ட் எடுத்திருக்காங்க. அதுக்கப்புறம் சோதனை வரைக்கும் மெஷின் மூடி திறந்திருந்தது சாப்பாட்டு நேரம். வயர் வெளிய, மாஸ்டரோட ஒரே குழாய்ல. உள்ள போனது ரெண்டு பேர். நீ ஒண்ணு, அக்கா ஒண்ணு."

கணக்கக்கா நெஞ்சில் கைவைத்தாள். "ஐயோ, நான் பேப்பரைத்தானம்மா எடுத்தேன்!"

"தெரியும்க்கா. நீங்க கழட்டியிருந்தா, கலர்லயும் சோதனை பண்ணலாம்னு நீங்களே சொல்லியிருக்க மாட்டீங்க. இன்னொண்ணும் இருக்கு. இந்த மெஷினைப் போட்டுட்டுச் சும்மா விட்டா கறுப்புதான் வரும். கறுப்புல ஈ குத்துக்கல்லாட்டம் நிக்கும். யாரும் கத்த வேண்டியதே இல்லை, மாஸ்டர் வெட்டிக்கிட்டே இருந்திருப்பார். இன்னிக்குக் கலர் வந்துச்சுன்னா, யாரோ பத்து எண்றதுக்குள்ள ரெண்டை அமுக்கியிருக்கணும். மெஷினைப் போட்டது ஒரே ஒரு ஆள். எலியும் தெரியாத, மவுஸும் தெரியாத ஆள். அவருக்கு ரெண்டு மட்டும் எப்படித் தெரிஞ்சுச்சு?"

முதலாளி இடுப்பிலிருந்த சாவியைத் தடவிக்கொண்டார்.

"பார்த்ததும் அணைச்சுத் திரும்பப் போடறதுதான் உலக வழக்கம். நீ யாரையும் போட விடலை. போட்டா குட்டு வெளியாகும். தடயம்னு சொன்னே. மாடிப்படிக்குக் கீழ கடை வெச்சிருந்தது யாருண்ணா? எனக்கு ஜம்பர்னா என்னன்னு காட்டிக் கொடுத்ததே நீதானே? கழட்டின தொப்பியை ஒத்தை ஊசியில மாட்டி வை, தொலைச்சுடாதேன்னு தலையில குட்டினியே. இப்போ திறந்து பார்ப்போமா, தொப்பி ஒத்தை ஊசியில இருக்கான்னு?"

வயர் மூடியைக் கழற்றினான். யாரும் தடுக்கவில்லை. கார்டில் ஐந்து ஜோடி ஊசிகள் மொட்டையாக நின்றன. தொப்பி எந்த ஊசியிலும் இல்லை.

முதலாளி மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். துடைக்கும் துணிக்கு அடியிலிருந்து கறுப்பாக அந்தப் பொடித் தொப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தார். பேன் என்று நினைத்து நசுக்கிவிடலாம், அவ்வளவு சின்னது.

"அங்கயே மாட்டி வெச்சா மூடறப்போ இவன் பார்த்துடுவான்னுதான்" என்றார். குரலில் முதலாளி இல்லை. "நான் என்னம்மா பண்றது? பள்ளிக்கூடம் திறக்கப்போகுது. இவனுக்குப் பதிலா ஆள் தேடி, ஏழு பேரைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். ரெண்டு பேர் கார்டைப் பார்த்துச் சிரிச்சாங்க. ஒருத்தன் போட்டோ எடுத்துக்கிட்டுப் போனான். மெஷினை மாத்தினா கட்டிங் மெஷினையும் மாத்தணும். தூக்கம் வரலை. படுத்தா சுவர் நாலும் கிட்ட வர்ற மாதிரி இருக்கு."

"அதனால அவனையும் உள்ள வெச்சுப் பூட்டிட்டே."

அவர் மூக்குக்கண்ணாடிக் கூட்டை மூடினார்.

தங்கை குனிந்து கார்டைப் பார்த்தாள். ஊசிகளின் பக்கத்தில் எண்கள் அச்சிட்டிருக்க வேண்டிய இடத்தில், ரோஸ் நிறத்தில் என்னவோ தடிமனாகப் பூசியிருந்தது.

"இது என்ன?"

வயர் தரையைப் பார்த்தான். "நெயில் பாலிஷ் மேடம்."

"யார் பூசினது?"

"நான்தான். சேர்ந்து ரெண்டாவது வருஷம். அப்போ என்னை எடுத்துட்டு, சம்பளம் கம்மியா வேற ஆளைப் போடறதாப் பேச்சு வந்துச்சு. எந்த லைன்னு தெரியாம இருந்தா அனுப்ப மாட்டாங்கன்னு..."

"அது என்னோட பாலிஷா!" என்று கத்தினாள் கணக்கக்கா. "அந்த வாரம் பூரா தேடினேன்! மாஸ்டர்மேலகூடச் சந்தேகப்பட்டேன்!"

"என்மேலயா?" என்றார் மாஸ்டர், தம் விரல்களைப் பார்த்துக்கொண்டே.

"ஆக" என்றாள் தங்கை, "பூட்டினது அண்ணன். பூட்டு செஞ்சது நீ."

வயர் தலையாட்டினான். ஒன்பது வருடத்தில் அவனுக்குக் கிடைத்த லீவுகளை ஒரு கையிலேயே எண்ணிவிடலாம். சொந்த அக்கா கல்யாணத்தன்றுகூட இரண்டு முறை போன் வந்தது. தாலி கட்டும்போது அவன் மண்டபத்து வாசலில் நின்று, மாஸ்டருக்கு எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

மணி நாலு. முதலாளி மெல்ல எழுந்தார். சாவி இன்னும் இடுப்பில்தான் இருந்தது.

"சரிப்பா. தப்புதான். உருவின அவசரத்துல எந்த ஜோடின்னு பார்க்கலை, அதை மட்டும் சொல்லு. நான் மாட்டிக்கறேன், நீ கிளம்பு."

"அஞ்சையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாரேன்" என்றாள் தங்கை.

"அதுல ஒண்ணு கட்டிங் மெஷினோட லைன்" என்றான் வயர். "தப்பா போட்டா ரெண்டும் மோதிக்கும். கத்தி எந்தப் பக்கம் போகும்னு சொல்ல முடியாது."

மாஸ்டர் இரண்டு கைகளையும் பையில் போட்டுக்கொண்டார்.

"அதான் கேக்கறேன். சொல்லு."

வயர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஷட்டர் அருகே போய் நின்றான். "ஏத்துங்க சார். வெளிய நின்னு சொல்றேன்."

"வெளிய போய் சொல்லாம ஓடிட்டா?"

"உள்ள சொல்லி, நீங்க ஏத்தாம விட்டா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேரிடமும் ஆளுக்கொரு சாவி. இரண்டு பேரும் உள்ளே. கடிகாரம் நகர்ந்தது. மாஸ்டர் இருமினார். நாலே காலுக்குத் தங்கை கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

"அண்ணா, பொய்ப் புகார்னு எழுதினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். அதைச் சொல்லி உன்னை மிரட்டலை. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்த ஒன்பது வருஷத்துல ஒருநாளாவது இவன் சொல்லாம போயிருக்கானா?"

முதலாளி யோசித்தார். அவர் யோசிப்பது தெரிந்தது. தேடிப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை.

சாவியை எடுத்தார். ஷட்டர் ஏறியது. வெயில் உள்ளே கொட்டியது. எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள்.

வயர் தெருவில் இறங்கினான். நடந்தான். எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தம். திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டே இருந்தான். முதலாளி வாசலில் நின்று, வாயைத் திறந்தார். கூப்பிட ஒரு பெயர் வேண்டியிருந்தது. வயர் என்று கூப்பிடக் கூசியது போலும். வாய் மூடிக்கொண்டது.

தெருவைக் கடந்து, பெட்டியைக் கீழே வைத்து, அவன் திரும்பினான்.

"உள்பக்கத்துல இருந்து ரெண்டாவது ஜோடி!" என்று கத்தினான். "பதினொண்ணு!"

"என்னது?" என்றாள் கணக்கக்கா.

"பதினொண்ணு!"

"பதினொண்ணாம்!" என்றார் மாஸ்டர்.

"பதினொண்ணா?" என்று டீக்கடைக்காரர் கடைக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "இப்போ பாலு அவ்வளவு இல்லையே."

ஒன்பது வருடமாக நெயில் பாலிஷுக்கு அடியில் இருந்த எண் அரை நிமிடத்தில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. முதலாளி அதை முணுமுணுத்துக்கொண்டே உள்ளே ஓடினார்.

பஸ் வந்து மறைத்தது. அது நகர்ந்தபோது தங்கை பார்த்தாள். பின் இருக்கையில் வயர் ஜன்னலோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தான். துருப்பிடித்த ஜன்னல். ஓரத்தில் இரண்டு தட்டு தட்டி, அடியில் விரலைக் கொடுத்து நெம்பினான், திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் ஏதோ சொன்னார், விட்டுடு தம்பி என்பதுபோல. அவன் எழுந்து நின்று, இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தான்.

தெருமுனை திரும்புவதற்குள் திறந்துவிட்டான்.